பத்தாவது வளைவு

குன்னூரில் போய்விட்டு வந்துதான் ஏறுவேன்.
பஸ் ஸ்டாண்டு கழிப்பறை, ஐந்து ரூபாய், வாளியில் ஐஸ் தண்ணீர்.
ஆனாலும் பத்தாம் கொண்டை ஊசியில்
10/14 பலகை தெரிந்ததும்
அடிவயிறு கையைத் தூக்கும்
பள்ளிக்கூடப் பிள்ளை போல.

மூன்று வருடமாய் அந்த வளைவின்
குரங்குகளுக்கு என்னைத் தெரியும்.
கண்டக்டருக்கும் தெரியும்.
"அம்மாவுக்கு சுகர்" என்பார் முன்சீட்டிடம்,
என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து.
சுகர் இல்லை.
அதைச் சொன்னால்
வேறொன்றைச் சொல்ல வேண்டிவரும்.

முப்பத்தொரு வருடம் தபால் ஆபீசில்
ஊரார் விலாசத்தையெல்லாம் படித்தவள்.
என் உடம்பில் ஒரு இடத்துக்கு மட்டும்
பின்கோடு இல்லை.
அங்கே. கீழே. அந்த இடம்.

நின்றுபோய் ஆறு வருடம்.
நின்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை:
ஆடியில் துணி காயாத ஊர் இது.
பிறகுதான் எரிச்சல்.
உட்கார்ந்தால் உள்ளே காகிதம் கிழிவது போல.
குணசீலன் ஒரு பக்கம் திரும்பிப் படுக்கக் கற்றுக்கொண்டார்,
நான் மறுபக்கம்.
நடுவில் வெந்நீர்ப் பை.
சண்டை ஏதும் இல்லை. அதுதான் சங்கடம்.
சண்டை என்றால் சமாதானம் என்று ஒன்று இருக்கும்.

பெட்ஃபோர்டில் ஒரு ஹோட்டலில் முகாம் போட்டார்கள்,
கோயம்புத்தூர்க்காரர்கள்.
வழவழ நோட்டீஸ், ரோஜா நிறத்தில் ஏதோ பூ.
இளமை திரும்பும். லேசர். தவணை வசதி உண்டு.
எங்கே திரும்பும் என்று எழுதவில்லை,
பூவைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஃபிலோமினா செய்துகொண்டாள், வளையலை அடகு வைத்து.
"யாருக்காக?" என்றேன், கொஞ்சம் குத்தலாக.
மார்க்கெட்டில் பீன்ஸ் பொறுக்கியபடி,
"பல்லு கட்டினப்ப யாருக்காகன்னு கேட்டியா?" என்றாள்.
என்னிடம் பதில் இல்லை. பீன்ஸ் முற்றல்.
ஆறு மாதம் நன்றாயிருந்தது, இப்போது பாதி பழையபடி என்றும்
அவளேதான் சொன்னாள், கேட்காமலே.

நான் டாக்டர் பிரேமா போஜனிடம் போனேன்.
மாடியில் கிளினிக், கீழே வர்க்கி வேகும் வாசனை.
"யோனி வறட்சி" என்றார்,
முழங்கை வலி என்பது போல.
கோயிலிலும் அகராதியிலும் மட்டும் பார்த்த சொல்
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு மற்றது வந்தது.
அவர் சமாதானம் சொல்லவில்லை, பேனாவைத் திறந்தார்.
லேசர்?
"பார்வைக்கு ஒரு குறையும் இல்லைங்க.
ஐம்பத்தேழு ஐம்பத்தேழு மாதிரி இருக்கு.
எரிச்சலுக்கு முதல்ல இதைப் பார்ப்போம்."
சுண்டுவிரல் நீள ட்யூப். வாரம் இரண்டு முறை.

தேயிலைச் செடியை வைத்து ஏதாவது சொல்லலாம்தான்.
மரமாக வேண்டியதைக் கவாத்து வெட்டி வெட்டிக்
குமரியாகவே நிறுத்திவைப்பது,
பூக்கவே விடாதது.
ஜன்னலைத் திறந்தால் மலை முழுக்க உவமை.
வேண்டாம். எரிச்சல் எரிச்சல்தான்.
செவ்வாய் வெள்ளியில் காலண்டரில் புள்ளி வைத்தேன்.
கேஸ் சிலிண்டர் கணக்கு என்று நினைத்தார் குணசீலன்.

ஒரு ராத்திரி சொன்னேன். அந்தச் சொல்லையே சொன்னேன்,
இருட்டில், ஸ்வெட்டர் பட்டனைத் திருகியபடி.
கரண்ட் போன வீடு மாதிரி ரொம்ப நேரம் அமைதி.
"வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாமே.
என்னைத்தான் பிடிக்கலைன்னு..."
வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.
வெந்நீர்ப் பையை எடுத்துக்
கால்மாட்டில் வைத்தார்.
மற்றது உங்களுக்கு எதற்கு.

போன வியாழன் மேட்டுப்பாளையம் இறங்கினேன்.
பக்கத்துச் சீட்டுப் பெண்ணின் மருமகள் கதை நீளம்.
பர்லியாரில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்:
"அம்மா, பத்து போயிடுச்சே?"
"சுகர் இல்லைங்க எனக்கு" என்றேன்
முன்சீட்டுக்கும் கேட்கும்படி.
இறங்கி
மங்குஸ்தான் அரைக்கிலோ வாங்கினேன்.
விலை அநியாயம்.
பேரம் பேச நேரம் இருந்தது.