இருவர் போக மீதி

கூரியர் கம்பெனி ஏலத்தில் விட்ட வேன்.
பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது.
தெற்குவாசல் பட்டறையில் காதர்மைதீன்
கேஸ் கட்டரைப் பற்றவைத்து
'விரைவு' என்ற எழுத்தில் பாதியைத் தின்றபடி
நான்கு சதுரம் வெட்டினார்.
வெட்டி எடுத்த தகரம்
இப்போது அவர் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவு.

மூன்று பெஞ்சு, மும்மூன்றாய் ஒன்பது பேர்.
செக்கானூரணியில் ஏற்றி
கப்பலூர் மில் வாசலில் இறக்கவேண்டும்,
ராத்திரி ஷிப்டு மணி அடிக்குமுன்.

இன்சூரன்ஸ் முடிகிற வாரம்
பழங்காநத்தம் ஏஜெண்ட் ஜெயமணி
ஆர்.சி. புக்கை வெயிலில் பிடித்துப் படித்தார்:
சரக்கு வாகனம். இருக்கை, ஓட்டுநரோடு சேர்த்து, இரண்டு.
"ஒனக்கும் பக்கத்துல ஒக்கார்றவனுக்கும் உசுரு உண்டு.
பின்னாடி?"
"ஒம்பது பேருண்ணே."
"பின்னாடி இருக்கிறது சரக்கு.
சரக்குக்கு ஏதுப்பா உசுரு?"

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழியும் சொன்னார்:
போட்டோ எடுக்கிற அன்றைக்கு மட்டும்
பெஞ்சைக் கழற்றிவிடு.

கழற்றினேன்.
அவர்கள் ஏறுகிற இடத்தில், வேப்பமரத்தடியில்
மூன்றையும் இறக்கி வைத்துவிட்டுப் போனேன்.
சர்வேயர் நாலு பக்கமும் படம் பிடித்தார்.
உள்ளே எட்டிப் பார்த்தார்.
தரையில் பன்னிரண்டு போல்ட் துளை.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய் சொல்லித் தீர்த்திருப்பேன்.

திரும்பி வந்தால்
மரத்தடிப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்,
வேனில் உட்காருகிற அதே வரிசையில்.
ஒச்சம்மா எப்போதும்போல ஓரம்,
இல்லாத ஜன்னலில் முழங்கை ஊன்றினாற்போல.
பவுனுத்தாய் தூக்குவாளியை மடியில் இறுக்கிக்கொண்டு.
இருட்டிவிட்டது. லாரிகள்
வெளிச்சத்தை அவர்கள்மேல் அடித்துவிட்டுப் போகின்றன.
ரோட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில்
ஒரு தகரம்கூட இல்லை.

மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரிசையில் நின்றேன்.
மாற்றத்துக்கு மனு, வரைபடம், வரி,
பெஞ்சுக்கு பெல்ட்டு,
பிரீமியம் போனதைப்போல் மூணு மடங்கு.
மாசம் தலைக்கு நாப்பது ரூபாய் கூடும் என்றேன்.

ஒச்சம்மா கேட்டாள்:
"அந்தத் தாள்ல எம் பேரு இருக்குமா?"
"பேரு இருக்காதுக்கா. எண்ணிக்கைதான்."
"ரேசன் கார்டுல இருந்தே எடுத்துட்டான் மகன்.
எண்ணிக்கையிலயாச்சும் இருந்துட்டுப் போறேன்."
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

நாகஜோதி மட்டும் தரவில்லை.
"செத்தா வர்ற காசுக்கு
உசுரோட எதுக்குக் குடுக்கணும்?"
எனக்குப் பதில் தெரியவில்லை. ஏறிக்கொள் என்றேன்.

தாள் இன்னும் கைக்கு வரவில்லை.
கண்மாய்க்கரை வளைவில்
நாற்பதைத் தாண்டாமல் போகிறேன்.
பின்னால் தேனி பஸ் ஹாரனால் திட்டுகிறது.
உள்ளே, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாத
கூரியர் காலத்து ஸ்டிக்கர்:
உடையும் பொருள். இந்தப் பக்கம் மேலே.
அம்புக்குறி நுனியில்
நாகஜோதி ஒட்டிவைத்த பொட்டு.
மெஷினில் நின்றால் வேர்வையில் போய்விடுமாம்.
விடிந்து திரும்பும்போது
எடுத்து வைத்துக்கொள்வாள்.