பத்து மில்லி சம்பங்கி

'பயன்கள்' என்று தலைப்புப் போட்டு
ஐந்து வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
தமிழில் நான் எழுத வேண்டும்.

போன வருஷக் காய்ச்சலோடு மூக்கு போனதை
ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை.
ராயக்கோட்டையில் இந்த லேப் வேலை போனால்
அடுத்தது தக்காளி மண்டிதான்.
சாம்பிள் தாளை மூக்கருகே பிடித்து
மூன்று எண்ணித் தலையாட்டக்
கற்றுக்கொண்டுவிட்டேன்.

இதைத் தலையாட்டி எழுத முடியாது.
கேட்டு எழுதினேன்.

லோடு இறக்கும் சென்றாயன் சொன்னான்:
"தூக்கம் தள்ளுது மேடம்.
நேத்து மூட்டை மேலயே சாஞ்சுட்டேன்."
ஆழ்ந்த உறக்கம் தரும் என்று எழுதினேன்.

கோவிந்தம்மா நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
ராத்திரி இரண்டு மணிக்குப் பூவில் இறங்குகிறவள்.
"தூக்கமா?
ஏழு வருஷமா அதக் கெடுத்ததே இந்தப் பூவுதான்.
மழ நாள்ல தல கிறுகிறுனு சுத்தும்."
அதிகம் முகர்ந்தால் தலைவலி வரலாம்.

பாய்லர் நஸ்ருல்லா
கொஞ்சம் யோசித்துச் சிரித்தார்.
"வீட்டுக்குள்ள காலு வச்சதுமே
இன்னைக்கு யாரு மாப்பிள்ளைனு கேக்கறா."
தம்பதியரிடையே நெருக்கம் கூட்டும் என்று
மும்பையிலிருந்து ஏற்கெனவே ஒரு வரி வந்திருந்தது.
அப்படியே விட்டேன்.

விலை விவரம் கேட்கவில்லை, எழுதவும் இடமில்லை.
முகூர்த்த நாளில் பூ எங்கள் கேட்டைத் திரும்பியும் பார்க்காது,
ஓசூருக்கும் பெங்களூருக்கும் பறந்துவிடும்.
கிலோ பத்து ரூபாய்க்கு விழுந்த பிறகுதான்
டெம்போ எங்கள் பக்கம் ஒடிக்கும்.
ஆடி மாசத்துப் பூ, மார்கழி மாசத்துப் பூ.
கல்யாணமே இல்லாத மாசங்களைத்தான்
மெழுகாக்கி, வடித்து, குளிரவைத்து
இந்தக் குப்பியில் அடைக்கிறோம்.
இரண்டு மூட்டை,
பத்து மில்லி.

நாலாவது வரிக்கு யாரும் கிடைக்கவில்லை.
மூடியைத் திறந்தேன்.
இருமல் மருந்து நிறம், அதைவிடக் கெட்டி.
நீர் கலந்த கண்ணாடிபோல வாசனை இல்லாத ஒன்று.
மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தேன்.
காத்திருந்தேன்.
மூக்குக்கு ஒன்றும் வரவில்லை.
கால் மணியில் தோல் சிவந்து
கடுகு கடுகாகத் தடித்தது.

நேரடியாகத் தோலில் படக் கூடாது.
தேங்காய் எண்ணெயில் கலந்தே தடவவும்.

நானே அறிந்து எழுதியது
இந்த ஒரு வரி.
ஐந்தாவதை நாளைக்கு வைத்துக்கொண்டு
கெலமங்கலம் பஸ் ஏறினேன்.

சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியிருந்தேன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த கண்டக்டர்
என் சீட்டுக்கு முன்னால் நின்று
காற்றை ஒரு தரம் இழுத்தார்.
"பூக்கூடை ஏத்தினது யாருமா?
லக்கேஜ் டிக்கெட் போடணும்."

யாரும் பேசவில்லை.
மேலே கம்பியைப் பார்த்தார்கள்,
காலடியில் பார்த்தார்கள்.
பின்சீட்டுக் குழந்தை ஒன்று
அழுகையை நிறுத்தித் திரும்பியது.

எல்லோரோடும் சேர்ந்து
நானும் குனிந்து
சீட்டுக்கு அடியில் தேடினேன்.