திரை சான்

பெயர் கேட்டார்கள். தில்லைநாயகி என்றேன்.
விடுதி வாசலில் மண்டியிட்டிருந்த பெண்
நாக்கை மடித்து மடித்துப் பார்த்துவிட்டு
"திரை சான்" என்று முடித்துக்கொண்டாள்.
லகரம் இல்லாத ஊர்.
மூன்று நாளும் நான் திரைதான்.

நெய்வேலியில் கொதிகலன் மீட்டர்களோடு எனக்கு வேலை.
ஐந்நூற்று நாற்பது டிகிரி நீராவியை
எட்டு மணி நேரம் முள் பிசகாமல் காப்பேன்.
ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.
முடிந்த கையோடு, அன்பாகத்தான்,
மலையடிவாரத்து வெந்நீர் ஊற்று விடுதியில்
கொண்டுவந்து விட்டுப் போனார்கள்.

அழுகின முட்டை வாடை. பாய் பதித்த அறை.
கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு;
அதைப் போட்டபடியே சாப்பாட்டுக் கூடம் வரை வந்து
ஒரு குடும்பத்தையே வாய்பொத்த வைத்தேன்.
அங்கியை வலது மடிப்பு மேலே வரக் கட்டியிருந்தேன்.
அந்தப் பெண் பதறி அவிழ்த்து
இடதை மேலே போட்டு முடிந்தாள்.
வலது மேலே வந்தால் பிணமாம்.
எங்க ஊரிலும் உண்டும்மா அந்தக் கணக்கு என்று
தமிழிலேயே சொன்னேன். தலையாட்டினாள்.

குளிக்கப் போன இடத்தில்தான் நின்றுவிட்டேன்.
வாசலில் தொங்கும் சிவப்புத் துணியோடு சரி,
உள்ளே துணியே ஆகாது.
கையகலத் துண்டு ஒன்று தந்தார்கள்,
அதுவும் தண்ணீரில் படக்கூடாது, தலையில் வைத்துக்கொள்ளலாம்.
எனக்கோ அடிவயிற்றில் ஒரு தையல்.
கடலூர் பெரியாஸ்பத்திரியில் கர்ப்பப்பை எடுத்தது.
புழு ஊர்ந்து அப்படியே செத்த மாதிரி மேடு.
விளக்கணைத்த பிறகும் புருஷன் கையை
அங்கே போகவிட்டதில்லை.
முதல் நாள் அறைக்குத் திரும்பி
கால் மட்டும் கழுவிப் படுத்தேன்.
இரண்டாம் நாளும்.

மூன்றாம் நாள், யாரும் இருக்கமாட்டார்கள் என்று
விடியுமுன் போனேன்.
மூன்று பேர் இருந்தார்கள்.
குட்டி முக்காலியில் உட்கார்ந்து
அழுக்குப்போகத் தேய்த்துவிட்டுத்தான் இறங்கவேண்டும்.
தேய்த்தேன். தேய்த்ததையே தேய்த்தேன்.
தொட்டியில் ஒருத்தி, என் வயது இருக்கும்,
இடப்பக்கம் மார்பு இல்லை.
என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலும் இல்லை.
டவுன்பஸ்ஸில் நகர்வதுபோல்
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.
இறங்கினேன்.
எத்தனை டிகிரி என்று யோசிக்கவே இல்லை.

ஊர் வந்து ஆறு வாரம். மார்கழி.
முந்திரித்தோப்புக்கு அந்தப்பக்கம்
ஆழ்துளைத் தண்ணீர் வெதுவெதுப்பாகக் கொட்டும் தொட்டி.
நைட் ஷிப்ட் முடிந்த காண்ட்ராக்ட் பெண்கள்
சாம்பல் போக அங்கேதான் குளிப்பார்கள்.
பதினெட்டு வருஷம் ஸ்கூட்டியில் கடந்திருக்கிறேன்,
தலை திருப்பாமல்.
அன்றைக்கு நிறுத்தினேன்.
"வண்டி ரிப்பேரா மேடம்?"
அஞ்சலாட்சி. பெயர் ஹெல்மெட்டில் எழுதியிருந்தது.
குளிக்க வந்தேன் என்றேன்.
சிரித்த சிரிப்பில் தொட்டித்தண்ணீர் தளும்பியது.
பாவாடை ஒன்று கடன் கொடுத்தாள்.
மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு
தொட்டிச் சுவரில் கால் வைத்தேன்.
"ஐயே, இரு மேடம்! மொதல்ல வெளிய நின்னு
நாலு சொம்பு ஊத்தித் தேச்சிக்க.
தூசியோட எறங்குனா தண்ணி யாருக்கு ஆவும்?"

ஊற்றிக்கொண்டேன்.
முதுகைப் பீர்க்கங்கூட்டால் அவளே தேய்த்தாள்.
எந்தச் சோப்புக்கும் போகாத ஏதோ கரகரத்து இறங்கியது.
ஈரத்துணி ஒட்டி மேடு தெரிந்திருக்க வேண்டும்.
"ஒனக்கும் எடுத்துட்டாங்களா? எந்த ஆஸ்பத்திரி?"
சொன்னேன்.
"எனக்கு ஜிப்மரு. தையல் நல்லா போடுவாங்க."
சொல்லிவிட்டு, காட்டவும் செய்தாள்.
நல்ல தையல்தான்.

"பேட்ஜில இங்கிலீஷுல இருக்கு. பேரு என்னா?"
தில்லைநாயகி என்றேன்.
"தில்லை," என்றாள், லகரம் ரெண்டையும் விடாமல்,
"அப்பிடி நவுந்து ஒக்காரு.
செந்தாமரை எறங்கணுமில்ல."