இடது, நாலு மில்லி

ஆர்டர் எண் இருநூற்றுப் பதினேழு.
நுரைப்பெட்டிக்குள் இரண்டு பள்ளங்களாக
கூரியரில் வந்திறங்கினார் ஒருவர்.
மூடியைத் திறந்தேன்.
இப்போதுதான் எழுந்து போனதுபோல்
விரல் நுனிகள் வரைக்கும் பதிந்திருந்தது.

கூடவே படிவம்.
பெயர் சென்றாயன். வயது நாற்பத்தாறு. எடை எழுபத்தொன்று.
காலையில் முதல் அடி வைக்கையில் குதிகாலில் குத்தல்.
ஷூ அளவு எட்டு.
இரண்டு பாதமும் ஒன்றுபோல் என்று
டிக் அடித்திருந்தது ஐந்து ரோட்டு கிளினிக்.
தொழில் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.

எங்கள் லேப் சூரமங்கலத்தில், மாவு மில்லுக்கு மேல்மாடி.
முகம் பார்க்கும் வேலையில்லை எனக்கு.
பிளாஸ்டரைக் கரைத்துப் பள்ளத்தில் ஊற்றிவிட்டு
டீ குடித்து வந்தால் போதும்,
யாராவது ஒருவர்
உள்ளங்காலை மேலே காட்டியபடி
மேசையில் கிடப்பார், கணுக்காலோடு சரி.
கீழே மில் ஓடும்போது அவரும் லேசாக அதிர்வார்.

இவருடைய வலது ஒழுங்கானது.
இடது உள்பக்கம் சரிந்து
வளைவு என்பதே இல்லாமல், நமுத்த அப்பளம்.
கட்டைவிரல் மட்டும் ஆழக் குழித்திருந்தது,
எதையோ பிடித்துக்கொண்டு விடாததுபோல்.
நுரையில் பிடிக்க என்ன இருக்கிறது?

கிளினிக்குக்கு போன் போட்டேன்.
"ரெண்டும் ஒண்ணு இல்லைங்க மேடம்."
"ஒண்ணுன்னுதானே எழுதியிருக்கு?"
"என்ன வேலை பாக்கறாரு?"
காகிதம் புரளும் சத்தம்.
"நிக்கற வேலை."

நிற்கிறவர்களை எனக்குத் தெரியும்.
தறிக்காரர்கள், பரோட்டா மாஸ்டர்கள்,
செவ்வாய்ப்பேட்டை மண்டியில் எடை போடுகிறவர்கள்.
அவர்கள் கால் நேராக அமுங்கும்,
ஈர மண்ணில் குடம் வைத்த தடம்.
இது நின்ற கால் இல்லை. சாய்ந்த கால்.

படிவத்தில் இருந்த எண்ணுக்கு நானே கூப்பிட்டேன்.
செய்யக்கூடாதுதான்.
இஞ்சின் உறுமலுக்கு நடுவே ஒரு விசில், பிறகு குரல்:
"ஏற்காடு வண்டிங்க. கண்டக்டர்."

இருபது கொண்டை ஊசி வளைவு, ஏறவும் இறங்கவும்.
ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை.
"கம்பியப் புடிச்சா கணக்கு தப்பிரும்ங்க.
இடது தொடைய சீட்டுல முட்டுக் குடுத்து
கால ஊனிக்குவேன். பதினெட்டு வருசமா."
கொஞ்சம் நிறுத்தி அவரே கேட்டார்:
"ஏங்க, இத ஷூவுலதான் போடணுமா?
நான் செருப்புங்களே."

செருப்பு என்று யாரும் எழுதவில்லை.
எழுத இடமும் இல்லை.

"அப்படின்னா செருப்ப அனுப்புங்க."
"செருப்பையா? உங்களுக்கா?"
நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல்
அதன்பின் பதினான்காம் வளைவு வரைக்கும்
அவர் பேசவில்லை.

மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது.
தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து,
நிச்சயதார்த்தப் புடவை வந்த பையில்.
ஷாம்பு வாசம்.
இடதின் உள்விளிம்பு பிளேடு போல் தேய்ந்திருந்தது.
நான் அளந்ததையெல்லாம் அது முன்பே எழுதி வைத்திருந்தது.

வாரை மட்டும் விட்டுவிட்டு அடியைப் பிரித்தேன்.
வலதுக்கு ஒன்றும் கூட்டவில்லை.
இடதுக்கு உள்பக்கம் நாலு மில்லி,
கிரைண்டரில் சீவி, கட்டைவிரலடியில் ஒரு குழி,
அது பிடித்துக்கொள்ள.
ஒட்டி, தைத்து, பில்லில் ஷூ என்பதை அடித்தேன்.
கூடுதல் நூற்றியெண்பதுக்கு
கிளினிக்கோடு ஒரு வாரம் இழுபறி.

மாதம் கழித்துக் கூப்பிட்டார்.
குத்தல் இல்லையாம். வளைவுகளில் ஆடுவதில்லையாம்.
"ஆனா ஒண்ணுங்க.
லீவு நாள்ல செருப்பக் கழட்டிட்டு
வீட்டுக்குள்ள நடந்தா,
தரை சாஞ்சிருக்கு."

புகார் நோட்டை எடுத்தேன்.
தேதி போட்டு எழுதினேன்:
இருநூற்றுப் பதினேழு. தரை.