இருபதாம் தேதி

ஜி.எஸ்.டி. கட்டி முடித்தபோது
இரவு பதினொன்று நாற்பது.
இரண்டு முறை தொங்கிய தளம்
மூன்றாம் முறை மனமிறங்கி
ரசீது தந்தது.
கீழே ஷெட்டில் ஒரு பிரஸ்ஸும் ஓடவில்லை.
ஆர்டர் இல்லாத ராத்திரிக்கு
எண்ணெய் வாசனை கொஞ்சம் கூடுதல்.

காலைப் பேப்பர் இன்னும் மேஜையில்.
முதல் பக்கம் முழுக்கக் கைகுலுக்கல்.
கடல் தாண்டி வந்த மின்விசிறிக் கம்பெனிக்கு
ஒரகடம் பக்கம் இரண்டாம் கட்டம்.
நிலம் பாதி விலை.
மின்சார வரி ஐந்து வருஷத்துக்குக் கிடையாது.
பத்திரச் செலவு கிடையாது.
மாநிலத்துக்குக் கட்டுகிற வரி
போன வழியே திரும்பி வரும்,
பதினைந்து வருஷம்.

பதினைந்து வருஷம் முன்பு
நான் வங்கியில் கேட்டது பன்னிரண்டு லட்சம்.
வீட்டுப் பத்திரம் இன்னும் அங்கேதான்.

மோட்டார் மூடி, மேல் கிண்ணம், பிளேடு பிடி.
நாங்கள் அடிப்பதும் அவர்கள் அடிப்பதும்
அதே மூன்று சாமான்.
அவர்கள் பிரஸ் ஒரு மூச்சில் நான்கு தள்ளுமாம்.
எங்களுடையது ஒன்று அடித்துவிட்டு
ஜெயசீலியின் முகத்தைப் பார்க்கும்.
சாயங்காலம் ஆறானால் அதையும் நிறுத்திவிடுவோம்,
பீக் அவர் கட்டணம் தாங்காது.

நான் தகடு வாங்கும் விலைக்கு
அவர்கள் மூடியே தருகிறார்கள்.

விடிகாலை ஐந்து பத்துக்கு
பட்டரவாக்கம் ஸ்டேஷன் வாசலில்
அவர்கள் பஸ் நிற்கும், கண்ணாடியெல்லாம் ஏ.சி. பனி.
ஆடி மாதம் தணிகாசலம் அதில் ஏறினான்.
பதினாறு வருஷம் இங்கே டை கட்டியவன்.
"மூவாயிரம் கூட மேடம். சாப்பாடும் அவங்களே."
புது ஷூ போட்டிருந்தான்.
நன்றாகத்தான் இருந்தது.
அவன் சம்பளத்தில் ஒரு பங்கு
சர்க்கார் கொடுக்கிறதாம், புது வேலை என்பதால்.
பழைய வேலைக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?
அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே.

கிண்டி ஆபீசில் படிவம் வாங்கிப் பார்த்தேன்.
குறைந்தபட்ச முதலீடு என்ற கட்டத்தில்
சைபர்களை விரல் வைத்து எண்ணினேன்.
ஷெட், மெஷின், ஸ்கூட்டர், கழுத்துச் செயின்
எல்லாம் கூட்டினாலும்
மூன்று சைபர் குறைந்தது.
அதிகாரி நல்ல மனுஷர். தண்ணீர் கொடுத்தார்.
"நீங்க அவங்களுக்கே சப்ளை பண்ணலாமே" என்றார்.

பண்ணப் போனேன்.
ஆடிட்டுக்கு வந்த பையன்
தரையில் மஞ்சள் கோடு எங்கே என்றான்.
போட்டோம்.
என் கொட்டேஷனைப் பார்த்து
இருபது சதவீதம் குறை என்றான்.
கோடு இருக்கிறது.

ரசீதைச் செருக பீரோவைத் திறந்தேன்.
அடித்தட்டில் அப்பாவின் ஃபைல்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு.
அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷெட் ஒதுக்கிய உத்தரவு.
தவணை முறை. சலுகை வட்டி.
நடுவில் மங்காத ஒரு வார்த்தை:
மானியம்.

சூளையில் நசீருத்தீன் பாயின் பட்டறையை
விலை குறைத்தே மூடவைத்த கதையை
அப்பா சிரித்துக்கொண்டு சொல்வார்.
தொழில் சாமர்த்தியம் என்பார்.
நானும் அதையே
ஐம்பது வருஷமாக நம்பியிருக்கிறேன்.
பாய்க்கு யாராவது படிவம் கொடுத்தார்களா,
தண்ணீராவது கொடுத்தார்களா,
ஃபைலில் இல்லை.

இன்று கட்டியது எண்பத்தாறாயிரம்.
பாதி மாநிலத்துக்கு.
எந்த ரூபாய் எங்கே போகிறதென்று
ரூபாய்க்கு முகவரி ஒட்டுவதில்லை.
ஒன்றிரண்டாவது ஒரகடம் போய்
மூடியாக வளைந்து
என்னைவிட ஒன்றேமுக்கால் ரூபாய் மலிவாக
என் பழைய வாடிக்கையாளர் மேஜையில்
போய் உட்காரும்.

போனில் ஜெயசீலி:
"நாளைக்கு ஓட்டம் உண்டா மேடம்?"
வா என்று அனுப்பினேன்.
எதை அடிக்க என்று கேட்டால்
காலையில் யோசிக்கலாம்.

தலைக்கு மேல் விசிறி
கரகரவென்கிறது.
மூடி எங்களுடையது, அசையவில்லை.
பேரிங் போயிருக்கும்.
பேரிங் நாங்கள் செய்வதில்லை.