சிவகடாட்சம், பதின்மூன்று எழுத்து

இந்த ஊருக்கே இரண்டு பெயர்.
ரயில் நிற்கும்போது ஒலிபெருக்கி
பீல் என்று ஒருமுறை, பியென் என்று ஒருமுறை சொல்லும்.
ஊர் இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கும்.
அதனால்தான் இங்கே வந்து இறங்கினேன் என்று
பகிடிக்குச் சொல்லிக்கொள்வேன்,
எனக்குள் மட்டும்.

பழைய மணிக்கூட்டுத் தொழிற்சாலை, இரண்டாம் மாடி.
மகள் துளசிகாவின் கண்காட்சி.
வாசலில் அவள் குடும்பப் பெயர், ஆகவே என் பெயர்,
ஆளுயர அலுமினிய எழுத்துகளில்.
தமிழில் ஏழோடு முடிவது
இவர்கள் மொழியில் பதின்மூன்று.
யாருடைய பிள்ளைகளோ இரண்டு
'வீ'யின் பள்ளத்தில் ஏறி இருந்தார்கள்.

முதல் அறை முழுக்கக் கடித உறைகள்.
வரிக் கந்தோர், காப்புறுதி, பள்ளிக்கூடம், பல் டாக்டர்
பிழையாக எழுதிய சிவகடாட்சங்கள்
நாற்பத்தொன்று. இலக்கம் போட்டிருக்கிறாள்.
சரியாக எழுதியதும் பிழைதான் என்பதற்கு
இலக்கம் இல்லை.

இரண்டாம் அறையில் கருத்து.
கடாட்சம் என்றால் கடைக்கண் பார்வை.
சுவரில் கரியால் ஒரு கண்ணின் ஓரம் மட்டும்.
கீழே மூன்று மொழியில்:
தெய்வம் முழுதாகப் பார்க்கத் தேவையில்லை,
ஓரக்கண்ணே போதும் என்று ஒரு குடும்பம் நம்பியது.

எந்தக் குடும்பம், மகளே?
நான் அறிந்த கடாட்சம் ஒன்றே ஒன்று.
எண்பத்தொன்பது மார்கழி, குளோட்டன் விமான நிலையம்.
கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவன்
படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
பிறகு மணிக்கூட்டைப் பார்த்தான்.
முத்திரை விழுந்தது.

செட்டியார் தெரு லொட்ஜில்
அறுபதாயிரம் கொடுத்து வாங்கிய பெயர்.
படம் மட்டும் என்னுடையது.
பிறந்த நாள் அவனுடையது,
வருடாவருடம் அவனுக்காக நான் கேக் வெட்டுகிறேன்.
பாஸ்போட்டை அவனே விற்றானா, பறிகொடுத்தானா,
ஆளே இல்லாமல் போனபின்
மேசை லாச்சியில் கிடந்ததா,
கேட்கவில்லை. அப்போது அவசரம்.
இப்போது கேட்க ஆள் இல்லை.

மனைவிக்குத் தெரியும்.
புருஷன் பெயரை வாயால் சொல்லாத வழக்கத்தை
எங்கள் சனம் யாருக்காகக் கண்டுபிடித்ததோ,
கடைசியில் எனக்குத்தான் உதவியது.
இஞ்சேருங்கோ.
முப்பத்தொரு வருடம் அந்த ஒரு சொல்லுக்குள்
பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல்
குடும்பம் நடத்தினோம்.

மூன்றாம் அறை இருட்டு.
ஒரு வாங்கு, நாலு ஒலிபெருக்கி.
போன மாரியில் என்னைக் குசினியில் இருத்தி
உங்கட பெயரைச் சொல்லுங்கோ அப்பா, இருபது தரம்,
என்று அவள் பதிவு செய்தது இதற்குத்தான்.
என் குரலுக்காகக் காத்திருந்தேன்.

பெயர் வரவில்லை.
வெட்டி எடுத்துவிட்டாள்.
சொல்வதற்கு முன் நான் இழுத்த மூச்சு மட்டும்,
ஒன்றன்பின் ஒன்றாய் இருபது தரம்,
கேணியில் குதிக்கப் போகிறவன் மாதிரி.
பக்கத்தில் இருந்த பெண்மணி கண்ணை மூடியிருந்தாள்.

இப்படி மூச்செடுப்பது எனக்கே தெரியாது.
குளோட்டனில் எடுத்ததை இன்னும் விடவில்லையோ.

கதவோரம் சின்னத் துண்டில்:
என் தந்தை மற்றவர்களின் பெயர்களை
இப்படிச் சொல்வதில்லை.

அம்மாவின் மரண அறிவித்தல் அலுமாரியில் இருக்கிறது.
பிள்ளைகளின் வரிசையில் மூன்றாவதாய் நான்,
பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சுவிஸ்.
துளசிகா தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள்.
எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள்தான்
ஒரு எழுத்தையும் விடுவதில்லை.

வெளியே வெளிச்சம், தோடம்பழச் சாறு, சனம்.
யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தவள்
தலையைத் திருப்பாமல்
ஒருதரம் என்னைப் பார்த்தாள்.

மேசையில் வருகைப் புத்தகம்.
பேனையைத் திறந்தேன். மூடினேன்.
நீங்கள் முதலில் எழுதுங்கோ என்று
பின்னால் நின்ற கிழவரிடம் நீட்டினேன்.
நாலே நாலு எழுத்து அவருக்கு.
ஆறுதலாக எழுதி
அடியில் கோடும் போட்டார்.