மோரும் தேனும்

ஆனி மாதக் காற்று. பணகுடி மிஷின்கள் ஓயாமல் சுற்றுகின்றன.
டவர் அடியில் உட்கார்ந்திருக்கிறேன்,
டென்மார்க் கம்பெனிப் பரீட்சைக்கான புத்தகம் மடியில்.
நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி
மூன்று நாளாக என்னை நகரவிடவில்லை.

ஏ பேட் இஸ் நோ மோர் எ பேர்ட்
தேன் எ கோட் இஸ்.

ஒவ்வொரு சொல்லும் தெரிந்த முகம்தான்.
மோர் என்றால் கூடுதல். தேன் என்றால் விட.
இந்த வெயிலுக்கு இங்கே மோருமில்லை, தேனுமில்லை,
கேனில் வெந்நீராய்ப் போன தண்ணீர்தான்.

கூட்டிப் பார்த்தேன்:
ஆட்டை விட வௌவால் கூடுதல் பறவை இல்லை.
அப்படியானால் ஆடு கொஞ்சம் பறவையா?
கால்வாசியா, அரைவாசியா?
கண்ணை மூடினால்
நாற்பத்தேழாம் நம்பர் இறக்கைக்கு மேலே
சொரிமுத்துவின் வெள்ளாடுகள்
காதை விரித்துக்கொண்டு போகின்றன.

சென்னை ஏஜெண்ட் போனில் சொன்னான்:
"மனப்பாடம் பண்ணிருங்க சார்."
அது முதல் நாளே ஆயிற்று.

காவல்கிணறு விலக்கு டீக்கடை.
நான் வந்து நின்றது தெரியாமல்
பெஞ்சில் முதுகு காட்டி உட்கார்ந்து
சொரிமுத்து சொல்லிக்கொண்டிருந்தான்:

"ஏல, தங்கப்பழம் இஞ்சினியருன்னா
எங்க வீட்டு வெள்ளாடும் இஞ்சினியருதாம்ல!"

கடை மொத்தமும் சிரித்தது.
படித்தது ஐடிஐ.
தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில்
என் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை அச்சடித்தது
அப்பா.

சுருக்கென்றது.
அது நெஞ்சுக்குப் போய்ச் சேருமுன்னே
நாற்பத்தோராம் பக்கம் திறந்துகொண்டது.
ஆட்டுக்கு இதில் கால்வாசியும் கிடையாது, அரைவாசியும் கிடையாது.
அது இல்லவே இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்,
அதனால்தான் அதை இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்துகிறார்கள்.
வௌவால் பறவைன்னா வெள்ளாடும் பறவைதான்.
அடப்பாவி,
எத்தனை வருஷமாக இந்த இலக்கணத்தில்
ஏச்சு வாங்கியிருக்கிறேன்!

வாய்விட்டுச் சிரித்தேன்.
திரும்பிப் பார்த்த சொரிமுத்து
கிளாசை அப்படியே கீழே வைத்தான்.
அவன் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.
"எதுக்குல?" என்றான், குரல் இறங்கி.
"நோ மோர்" என்றேன்.
"மோரா? இது டீக்கடைல்லா..."

வெளியே ரோட்டோரம் அவன் ஆடுகள்.
காற்று அந்த அடி அடித்தும்
ஒன்றுகூடப் பறக்கவில்லை.